இலைக்குள் குடியிருப்பவை: ஒரு மாத்திரையின் முன்கதை

இங்கே வைகாட்டோவில் இரவு ஒன்பது மணி. லண்டன்காரர்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பீர்கள். தலைப்பைச் சொன்னதும் ஒருங்கிணைப்பாளர், “அக்கா, இலக்கியக் கூட்டத்தில் பூஞ்சையா?” என்றார். நான் செவிலி. டிப்ளமா படித்தவள், ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் மருந்துகளைக் கையில் எடுத்துக் கொடுத்தவள். கொடுக்கிற மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கும் பழக்கம் உண்டு. அப்படித் தேடியதில் கிடைத்த ஒரு கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இப்ரெக்சாஃபங்கெர்ப் என்று ஒரு மாத்திரை. பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுங்கள். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. சுமார் இருபது ஆண்டுகளில் பூஞ்சைக்கு எதிராக வந்த முதல் புதிய வகை. அதன் மூலப்பொருள் ஸ்பெயினில் ஒரு ஜூனிப்பர் செடியின் உயிருள்ள இலைக்குள் குடியிருந்த பூஞ்சையிடமிருந்து வந்தது. இலையின்மேல் படிந்த பூஞ்சை இல்லை, இலைக்குள்ளே வாழ்ந்த பூஞ்சை. செடிக்கு நோயும் இல்லை, இலையில் புள்ளியும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே இன்னொரு உயிர் இருப்பதே தெரியாது.

இப்படி வாழ்பவற்றுக்கு ‘எண்டோஃபைட்’ என்று பெயர். இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி, 1866இல். நான் உள்வாழ் பூஞ்சை என்று சொல்லிக்கொள்கிறேன். சில பாக்டீரியாக்களும் இப்படி வாழும், இன்று அவை நம் பேச்சில் இல்லை.

இந்தப் பூஞ்சைகள் மனிதருக்கு அறிமுகமானது மருந்தாக இல்லை, நஞ்சாகத்தான். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் கோதுமை வயலில் பகைவன் இரவில் வந்து களை விதைத்துவிட்டுப் போகும் உவமை இருக்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் களை என்று பொதுவாகத்தான் இருக்கும். மூலத்தில் உள்ள சொல் டார்னெல் என்ற புல்லைக் குறிக்கிறது என்பது அறிஞர் பலருடைய கருத்து. இளம்பயிரில் அச்சு அசல் கோதுமை போலவே இருக்கும். அதன் விதை மாவில் கலந்துவிட்டால் தலைசுற்றல், வாந்தி, குடித்தவர் போலத் தள்ளாட்டம். அறுவடை வரை பிடுங்காதீர்கள் என்று வீட்டெஜமான் சொல்வதன் அருமை அந்தப் புல்லைத் தெரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. 1898இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபோகல் என்பவர் அந்த விதையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். விதைக்குள் பூஞ்சை இழைகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த விதையின் நஞ்சுக்கும் பூஞ்சைக்கும் தொடர்பு இருக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

அதன் பிறகு நெடுங்காலம் இது யாருக்கும் அவசரமான விஷயமாகத் தெரியவில்லை. மாடும் ஆடும் பாதிக்கப்பட்டபோதுதான் திரும்பிப் பார்த்தார்கள். 1977இல் அமெரிக்காவில் ஃபெஸ்க்யூ என்ற புல்லை மேய்ந்த மாடுகளின் நோய்க்குக் காரணம் புல்லுக்குள் வாழும் பூஞ்சை என்று தெரிந்தது. 1981இல் இங்கே நியூசிலாந்தில், ரைகிராஸ் மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழுவதற்கும் அதே வகைப் பூஞ்சைதான் காரணம் என்று கண்டார்கள். பூஞ்சையை நீக்கிவிட்டுப் புல்லை விதைத்தால் புழு பூச்சி வந்து புல்லையே தின்றுவிடுகிறது. ஆட்டைத் தள்ளாட வைக்கிறதும் புல்லைக் காக்கிறதும் ஒரே குடித்தனக்காரர். அதனால் இன்று இங்கே விவசாயிகள் புல் விதை வாங்கும்போது உள்ளே எந்தப் பூஞ்சை என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். எங்கள் வார்டில் படுத்திருக்கும் பால்பண்ணைக்காரரிடம் எண்டோஃபைட் என்று சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

தன் வீட்டைக் காப்பதற்கு வேதிப்பொருள் செய்கிற உயிர், மற்ற நுண்ணுயிர்களைத் தடுக்கவும் ஏதாவது செய்யும் இல்லையா? மருந்து தேடியவர்களுக்கு இந்த எண்ணம் வந்த நேரமும் முக்கியம். பெனிசிலினுக்குப் பிறகு உலகெங்கும் மண்ணைத் தோண்டினார்கள். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், பூஞ்சைக்கு ஆம்போடெரிசின் என்று ஒரு வரிசையே மண்ணிலிருந்து வந்தது. பிறகு கை தளர்ந்தது. புது மண்ணைக் கொண்டுவந்தாலும் ஏற்கெனவே தெரிந்த பொருளே திரும்பத் திரும்ப வந்தது. அப்போதுதான் இலைக்கும் கிளைக்கும் உள்ளே பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்தத் தேடலில் அதிகம் அடிபட்ட பெயர் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி ஸ்ட்ரோபெல். கொஞ்சம் அவசரக்காரர் என்பது என் அபிப்பிராயம். 1987இல் எல்ம் மரங்களைக் கொல்லும் ஒரு நோய்க்கு எதிராக மரபணு மாற்றிய பாக்டீரியாவை அரசு அனுமதிக்குக் காத்திராமல் மரங்களுக்குள் செலுத்திவிட்டார். பெரிய சர்ச்சையாகி, கடைசியில் அந்த மரங்களைத் தானே ரம்பத்தால் அறுத்துச் சாய்த்தார். 1993இல் அவரும் ஆன்ட்ரியா ஸ்டியர்ல் முதலானோரும் இன்னொரு அதிர்ச்சியைக் கொடுத்தார்கள். புற்றுநோய் மருந்தான டாக்ஸால் யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது, ஒரு நோயாளிக்கே பல மரங்கள் தேவை. அந்த மரத்துக்குள் வாழும் பூஞ்சையும் டாக்ஸால் செய்கிறது என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்தால் மரத்தை வெட்ட வேண்டாமே! உலகம் முழுக்க ஆய்வகங்கள் இதன் பின்னால் ஓடின. ஆனால் கிடைத்த அளவோ லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. 2013இல் ஜெர்மனியில் அதே பூஞ்சையை மறுபடி ஆராய்ந்தவர்கள், அது தானாக டாக்ஸால் செய்வதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். இருபது வருஷம்.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு தாவரவியல் பூங்காவில் நின்ற இலங்கைக் கறுவா மரம். கறுவா என்றால் நாகர்கோவில் பக்கத்து எங்களுக்குப் பட்டை, யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குக் கறுவாப்பட்டை. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக இலங்கைக்கு வந்ததில் இந்தப் பட்டைக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த மரத்தின் சிறு கிளைகளிலிருந்து எடுத்த பூஞ்சைகளை ஸ்ட்ரோபெல் தன் ஆய்வகத்தில் தட்டுகளில் வளர்த்தார். சிற்றுண்ணிகள் தட்டு விட்டுத் தட்டு போய்க் கலப்படம் செய்துவிடும் என்பதற்காக எல்லாத் தட்டுகளையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடினார்கள். சில நாள் கழித்துத் திறந்தால் மற்றப் பூஞ்சைகள் வளர்ச்சி நின்றுபோய்க் கிடந்தன. ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. தட்டுகள் ஒன்றையொன்று தொடவில்லை, இடையில் இருந்தது காற்று மட்டும்தான். அந்தப் பூஞ்சை காற்றில் விட்ட ஆவியே மற்றவற்றைக் கொன்றிருந்தது.

அதற்கு மஸ்கோடோர் அல்பஸ் என்று பெயரிட்டார்கள். என் மொழிபெயர்ப்பில் நாற்ற வெள்ளையன். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான், அதனால் அவமரியாதை இல்லை. 2001இல் வெளிவந்த கட்டுரையின்படி அந்த ஆவியில் 28 பொருள்கள் இருந்தன. தனியாகப் பார்த்தால் அவற்றில் அதிகம் வேலை செய்வது வாழைப்பழ வாசனைக்குக் காரணமான ஒரு எஸ்டர். ஆனால் எந்த ஒன்றும் தனியாகக் கொல்லவில்லை. சேர்ந்தால்தான் கொன்றன. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மருந்து என்றாலே குப்பியில் ஒரே ஒரு பொருள், அதற்கு ஒரு மில்லிகிராம் கணக்கு என்று பழகிய கைக்கு இது வேறு உலகம். இதை நோயாளிக்குக் கொடுக்க முடியவில்லை. பழங்களையும் மண்ணையும் காக்கும் பொருளாக 2005இல் அமெரிக்காவில் பதிவு கிடைத்தது, அவ்வளவுதான். மரம் இலங்கையுடையது, நின்ற இடம் ஹோண்டுராஸ், தட்டு மொன்டானாவில். இந்தப் பூஞ்சை யாருடைய சொத்து என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

கோஸ்டா ரிக்கா அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்ட நாடு. 1991இல் அந்நாட்டின் இன்பியோ நிறுவனத்துக்கு மெர்க் மருந்து நிறுவனம் சுமார் பத்து லட்சம் டாலர் கொடுத்து, காட்டு மாதிரிகளைச் சோதிக்க ஒப்பந்தம் போட்டது. பின்னால் வேறொரு கூட்டு முயற்சியில், அங்கே குவானகாஸ்டே பகுதி மரக்கிளை ஒன்றின் உள்வாழ் பூஞ்சையிலிருந்து ஒரு புதுப் பொருள் கிடைத்தது. ஊரின் பெயரால் குவானகாஸ்டெபீன் என்று வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தபோது பரபரப்பு. காரணம், எம்ஆர்எஸ்ஏ, விஆர்ஈ என்ற இரண்டு பாக்டீரியாக்களையும் அது கொன்றது. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த எழுத்துகளைச் சொன்னாலே வயிறு கலங்கும். தனி அறை, கவுன், கையுறை, கதவில் எச்சரிக்கை அட்டை, பல மருந்துகளுக்கு மசியாத கிருமி. அதைக் கொல்ல ஒரு புது மூலக்கூறு!

அடுத்த சோதனையில் கதை முடிந்தது. அது பாக்டீரியாவின் சவ்வைக் கிழிப்பதுபோலவே மனித இரத்தச் சிவப்பணுக்களையும் உடைத்தது. தவறான வகை இரத்தம் ஏறியவருடைய சிறுநீர் சிவந்து இறங்குவதை ஒரு முறை பார்த்தவருக்கு, சிவப்பணு உடைவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2002இல் வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறை ஆய்வகத்திலேயே கட்டியெழுப்பினார்கள், பெரிய சாதனைதான். மருந்தாக அது வார்டுக்கு வரவே இல்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் குடும்ப வாட்சப் குழுக்களில் “இந்த இலையின் சாறு கிருமியைக் கொல்கிறது, விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்” என்று வாரம் ஒன்று வருகிறது. பெரும்பாலும் பொய் இல்லை. தட்டில் கொன்றிருக்கும். தட்டில் பிளீச்சிங் பவுடரும் கொல்லும். தட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் மருந்தின் வரலாறு.

இனி ஸ்பெயின். மாட்ரிட்டில் மெர்க் நிறுவனத்துக்கு ஒரு ஆய்வகம் இருந்தது. 1954 முதல் மண், நீர், இலை என்று எதையெல்லாமோ கொண்டுவந்து நுண்ணுயிர் தேடியவர்கள். அவர்கள் கைக்கு வந்த ஜூனிப்பர், ஜின்னுக்கு வாசனை கொடுக்கிற அதே காய் காய்க்கும் குத்துச்செடி. ஆங்கில கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் எலியா ஜூனிப்பர் மரத்தடியில் உட்கார்ந்து சாகக் கேட்பார். நம் வேதாகமம் சூரைச்செடி என்கிறது. எபிரேயச் சொல் இரண்டையுமே குறிக்கவில்லை, அது பாலைவனத்து வேறொரு புதர் என்கிறார்கள். இது சும்மா ஒரு கிளைக்கதை.

இலைக்குள் இருப்பதை எப்படி எடுக்கிறார்கள்? இலையைச் சாராயத்திலும் சலவைத் திரவத்திலும் முக்கி, மேற்பரப்பில் இருப்பவற்றைக் கொன்றுவிடுவார்கள். கிருமி நீக்கிய தண்ணீரில் அலசுவார்கள். அலசிய கடைசித் தண்ணீரையும் தட்டில் விட்டுப் பார்ப்பார்கள், அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது. பிறகு இலையைத் துண்டாக்கித் தட்டில் வைத்தால் வெட்டிய ஓரத்திலிருந்து மெல்ல இழை கிளம்பும். இதைப் படித்தபோது எனக்கு இரத்தக் கல்ச்சர் நினைவுக்கு வந்தது. நாங்கள் செய்வதும் இதேதான். தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, காயும்வரை காத்திருந்து, அதன் பிறகே ஊசி. துடைப்பதில் கை சோர்ந்தால் குப்பியில் முளைப்பது தோலில் இருந்த கிருமி. அதை நம்பி ஒருவருக்கு வேண்டாத மருந்து பத்து நாள் ஏறும்.

அப்படி ஜூனிப்பர் இலையிலிருந்து வந்த ஹார்மோனீமா என்ற பூஞ்சை செய்த பொருளை 2000ஆம் ஆண்டு அறிவித்தார்கள். என்ஃபுமாஃபங்கின் என்று பெயர். பூஞ்சையைக் கொல்லும் பூஞ்சைப் பொருள். ஒரே இலைக்குள் பல பூஞ்சைகள் இடத்துக்குப் போட்டி போடும்போது இது தேவைப்படும் என்பது ஒரு விளக்கம்.

பூஞ்சைக்கு மருந்து கிடைப்பது ஏன் இவ்வளவு அரிது? பாக்டீரியா நமக்கு ரொம்பத் தூரத்து உறவு. அதன் உடம்பில் நம்மிடம் இல்லாத பாகங்கள் நிறைய, அடிக்க இடம் கிடைக்கும். பூஞ்சையோ நெருங்கிய சொந்தம். அதை அடித்தால் அடி நம்மீதும் விழும். ஆம்போடெரிசின் இதற்கு நல்ல உதாரணம். நான் படித்து முடித்த காலத்தில் தமிழ்நாட்டில் பழைய வகை ஆம்போதான் ஏற்றுவோம். ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும், சலைனில் கலந்தால் திரிந்துபோகும். முன்னதாக ஹைட்ரோகார்ட்டிசோன், அவில் ஊசி. வெளிச்சம் படாமல் பாட்டிலுக்குக் கறுப்புத் தாள் சுற்றுவோம். அப்படியும் சிலருக்கு அரை மணியில் நடுக்கம் தொடங்கும். கட்டில் ஆடும். மூன்று போர்வை போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மறுநாள் சிறுநீரகம் எப்படி என்று இரத்தப் பரிசோதனை. அந்த அம்மாக்கள் மறுநாள் பாட்டிலைப் பார்க்கும் பார்வையை நான் மறக்கவில்லை.

பூஞ்சையிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்று, அதன் செல்சுவரில் உள்ள குளுக்கன் என்ற பொருள். அதைக் கட்டும் நொதியைத் தடுத்தால் சுவர் எழும்பாது, பூஞ்சை சாகும். நமக்குச் சுவரே இல்லாததால் அந்த அடி நம்மீது விழாது. இந்த வழியில் 2001இல் வந்த காஸ்போஃபங்கினும் ஸ்பெயின் தந்ததுதான், லோஸோயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு குளத்துத் தண்ணீரில் கிடைத்த பூஞ்சை. நல்ல மருந்து, ஆனால் நரம்பு வழியாக மட்டுமே ஏற்ற முடியும். வீட்டுக்கு அனுப்ப முடியாது. என்ஃபுமாஃபங்கின் அதே நொதியை வேறொரு இடத்தில் பிடித்தது. மூலக்கூறும் முற்றிலும் வேறு, விழுங்கும் மருந்தாக்கலாம் என்ற நம்பிக்கை.

இயற்கையில் கிடைத்தபடியே அது உடம்பில் சரியாக நிற்கவில்லை. வேதியியலாளர்கள் அதில் ஒட்டியிருந்த சர்க்கரைத் துண்டைக் கழற்றிவிட்டு வேறு துண்டுகளைப் பொருத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த வேலை. பிறகு 2013இல் மெர்க் அதைக் கைவிட்டு, சைனெக்சிஸ் என்ற சிறிய நிறுவனத்திடம் உரிமையைக் கொடுத்தது. 2021இல் அனுமதி கிடைத்தபோது, ஐசியுவில் கிடக்கும் நோயாளிக்காக இல்லை, பெண்களின் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றுக்காகக் கிடைத்தது. ஒரே நாள் சிகிச்சை, காலை இரண்டு மாத்திரை, இரவு இரண்டு.

இதைச் சிறிய நோய் என்று சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருவது. நம் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இங்கே பத்து வருஷமாக இருக்கிற ஒரு தமிழ்ப் பெண், இனிப்புக்காரி, அதாவது சர்க்கரை நோயாளி, வேறு காரணத்துக்கு வந்தவர், கணவர் தேநீர் வாங்கப் போன இடைவெளியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஐந்து வருஷமாக வந்து வந்து போகிறதாம். மொழிபெயர்க்க வந்த மகனை வைத்துக்கொண்டு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்கும் 2022இல் இந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. கூடவே கடுமையான எச்சரிக்கையும் வந்தது. விலங்குச் சோதனைகளில் கருவுக்குக் கேடு தெரிந்ததால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டே தொடங்க வேண்டும்.

2023 செப்டம்பரில் மாத்திரையைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மூலப்பொருள் தயாரித்த அதே இயந்திரத்தில் பீட்டாலாக்டம் அமைப்புள்ள வேறொரு மருந்துப் பொருளும் தயாரிக்கப்பட்டிருந்தது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் பீட்டாலாக்டம் எதையும் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். மருத்துவமனையில் சேரும் ஒவ்வொருவரிடமும் “பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா?” என்று கேட்டு, இல்லை என்றால் சிவப்புப் பட்டை கட்டுகிறோமே, அதே பயம். மனிதர்மீது நடந்துகொண்டிருந்த ஆய்வுகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. இலைக்குள் தப்பி, தட்டில் தப்பி, எலியில் தப்பி, மனிதரிடம் தப்பி வந்த ஒன்று, கழுவாத பாத்திரத்தில் மாட்டிக்கொண்டது என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

அந்த ஆய்வுகளுக்குக் காத்திருந்த நோய்கள் சிறியவை இல்லை. 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து விவரித்த கேண்டிடா ஆரிஸ், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் மருத்துவமனைக் கட்டில் கம்பிகளில்கூட வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பூஞ்சை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாகப் பூஞ்சைகளுக்கு வெளியிட்ட பட்டியலில் மிக ஆபத்தான பிரிவில் அதை வைத்தது. 2021இல் இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை பரவி, ஆம்போ குப்பிக்கு நம் சொந்தங்கள் அலைந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு ஊரிலிருந்து இரவில் அழைப்புகள் வந்தன, அங்கிருந்து அனுப்ப முடியுமா என்று. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் புதிய மாத்திரை கறுப்புப் பூஞ்சைக்கு உரியது இல்லை. அதற்கு இன்றும் ஆம்போதான் முதல் மருந்து.

ஜூனிப்பர் இலையை அறுத்துத் தட்டில் வைத்த மாட்ரிட் ஆய்வகத்தை மெர்க் 2008இல் மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் பலரும், அரை நூற்றாண்டாகச் சேர்த்த நுண்ணுயிர்களும் கிரானாடாவுக்குப் போனார்கள். ஆந்தலூசியா அரசும் கிரானாடா பல்கலைக்கழகமும் சேர்ந்த மெடினா என்ற அறக்கட்டளை அவற்றைக் காத்துவருகிறது. குளிர்பதனப் பெட்டிகளைத் திறந்து, பழைய பூஞ்சைகளை எழுப்பி, புது ஊட்டம் கொடுத்து, நீ வேறு என்ன செய்வாய் என்று கேட்டுப் பார்க்கிற வேலை அங்கே நடக்கிறது.

நேரம் தாண்டிவிட்டேன் என்று ஒருங்கிணைப்பாளர் கை காட்டுகிறார். கேள்விகளை எழுதுங்கள். நாளை காலை ஏழு மணிக்கு எனக்கு டூட்டி, அதுவரை இருக்கிறேன்.